ஐந்து நாள் ஆயுள்: ஒரு பிளேட்லெட் பையின் பயணம்

கையகல பிளாஸ்டிக் பை. உள்ளே கால் லிட்டர் அளவுக்கு வெளிர் மஞ்சள் திரவம். மேலே ஒட்டிய லேபிளில் ரத்தப் பிரிவு, பையின் எண், எடுத்த தேதி, காலாவதித் தேதி. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஐந்தே நாள்தான். இந்த மாதிரிப் பை ஒன்றில் குறைந்தது முப்பதாயிரம் கோடி பிளேட்லெட்டுகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பிளேட்லெட்டுகளைச் செய்கிறது. ஆக, யாரோ ஒருவருடைய மஜ்ஜையின் மூன்று நாள் உழைப்பு இந்தப் பைக்குள் இருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம், மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்ட இன்னொரு உடல்.

மஜ்ஜை இப்படி நின்றுபோகும் நோயைத்தான் ஏபிளாஸ்டிக் அனீமியா என்கிறார்கள். 1888-இல் பெர்லினில் பால் எர்லிக் இதை முதன்முதலில் விவரித்தார். ரத்தக்கசிவும் காய்ச்சலுமாக வந்து இறந்துபோன ஓர் இளம் கர்ப்பிணியின் உடலை ஆராய்ந்தபோது, எலும்புக்குள் சிவப்பாக இருக்க வேண்டிய மஜ்ஜை வெறும் மஞ்சள் கொழுப்பாக இருந்ததை அவர் கண்டார். இது இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை அல்ல. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் இதைத் தீர்க்காது. ரத்தப் புற்றுநோயும் அல்ல, ஆனால் சிகிச்சை பெரும்பாலும் அதே வார்டில்தான். பெரும்பாலோருக்கு, உடலைக் காக்க வேண்டிய டி-லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களே மஜ்ஜையின் மூல அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகின்றன. பென்சீன் என்ற ரசாயனம், குளோராம்பெனிகால் போன்ற சில மருந்துகள், சிலவகைக் கல்லீரல் அழற்சி ஆகியவை காரணமாகலாம். அதிகம் பேருக்குக் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஐரோப்பாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு பேருக்கு இது வருகிறது. ஆசியாவில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு.

மஜ்ஜை நின்றால் மூன்று வகை ரத்த அணுக்களும் இறங்கும். சிவப்பணு இறங்கினால் மூச்சு வாங்கும். அதற்குக் கொடுக்கும் சிவப்பணுப் பை குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும், தேடிப் பிடித்துவிடலாம். வெள்ளையணு இறங்கினால் கிருமி தாக்கும். அதற்கு ஆன்டிபயாடிக்கும் சுத்தமும்தான் காவல். கசிவை அடைக்கும் பிளேட்லெட் இறங்கினால் கெண்டைக்காலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், பல் தேய்த்தால் ரத்தம் வரும், மாதவிடாய் நிற்காமல் போகும். கடைசியில் மூளைக்குள்ளேயே கசியலாம். பையிலிருக்கும் பிளேட்லெட்டுக்கோ ஐந்து நாள் ஆயுள். வாங்கி அடுக்கிவைக்க முடியாது. ஒவ்வொரு பைக்கும் புதிதாக ஒரு கை நீள வேண்டும்.

டெங்கு வந்த வீடுகளில் பிளேட்லெட் கவுன்ட் என்ற பேச்சு பழக்கமானதுதான். டெங்குவில் இறங்கிய எண்ணிக்கை ஒரு வாரத்தில் தானே ஏறிவிடும், ஏனென்றால் மஜ்ஜை உயிரோடு இருக்கிறது. பப்பாளி இலைச் சாறு கொடுத்துத் தேறியதாகச் சொல்பவர்களின் அனுபவம் அந்த நோயைப் பற்றியது. ஏபிளாஸ்டிக் அனீமியாவில் ஏற்றிய பிளேட்லெட் தீர்ந்தால் தீர்ந்ததுதான், உள்ளே செய்து கொடுக்க ஆளில்லை. வாரத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு, மூன்று என்று மாதக்கணக்கில் பைகள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கையிலிருந்து பைக்கு

பயணம் தொடங்குவது ரத்த வங்கியின் சாய்வு நாற்காலியில். டோனருக்கு 18 வயது நிறைந்து 60-க்குள் இருக்க வேண்டும், எடை 50 கிலோவாவது வேண்டும், அவருடைய பிளேட்லெட் கவுன்ட் மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். கடந்த மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டிருந்தால் பிளேட்லெட் எண்ணிக்கையில் இருக்கும், வேலைக்கு ஆகாது.

முழங்கை மடிப்பில் ஊசி ஏறியதும் ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுழல்கிறது. எடைக்குத் தக்கபடி அடுக்கடுக்காகப் பிரிகிறது. பிளேட்லெட் அடுக்கை மட்டும் பிளாஸ்மாவோடு பைக்குத் திருப்பிவிட்டு, சிவப்பணுவை மெஷின் உடலுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், உதடு லேசாக மரத்துக் குறுகுறுக்கும். "உதடு ஒரு மாதிரி இருக்கா தம்பி?" என்று டெக்னீஷியன் கேட்டுவிட்டு ஒரு கால்சியம் மாத்திரையைச் சப்பக் கொடுப்பார், மெஷினின் வேகத்தைக் குறைப்பார். அவ்வளவுதான் சிரமம். இரண்டு, மூன்று நாளில் டோனரின் மஜ்ஜை இழந்ததைச் செய்துவிடும். அதனால்தான் இரண்டு தானங்களுக்கு நடுவே 48 மணி நேரம் போதும் என்றும், வாரத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 என்ற வரம்புக்குள் கொடுக்கலாம் என்றும் விதி இருக்கிறது.

இந்த மெஷின் பிறந்த கதை ஒரு தகப்பனின் கதை. ஐபிஎம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஜட்சனின் பதின்வயது மகனுக்கு 1962-இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மகனுக்குச் சிகிச்சை நடந்தபோது, அங்கே ரத்த அணுக்களைப் பிரித்தெடுக்கக் கையால் செய்துகொண்டிருந்த பாடுகளை அவர் பார்த்தார். இதை ஒரு மெஷின் செய்யும் என்று சொல்லி, எமில் ஃப்ரைரைக் என்ற மருத்துவரோடு சேர்ந்து உழைத்தார். 1960-களின் நடுவில் ரத்த அணுப் பிரிப்பான் வேலை செய்யத் தொடங்கியது. இன்று ஒரே டோனரிடமிருந்து எடுக்கும் பையை எஸ்டிபி என்று வார்டில் சொல்கிறார்கள். சாதாரண ரத்ததானத்திலிருந்து பிரிக்கும் சிறு பைகள் என்றால் ஆறு பேருடையதைச் சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும். ஆறு அந்நிய உடல்களுக்குப் பதில் ஒன்று என்பது நோயாளிக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தம்பியின் ரத்தம் வேண்டாம்

ரத்த வங்கி வாசலில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. "அக்காவுக்குத்தானே சார், நானே குடுக்கிறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்." "இல்ல தம்பி, நீங்க குடுக்க வேணாம். வெளியாளா பாத்துக் கூட்டிட்டு வாங்க." கூடப் பிறந்தவனை ஒதுக்கிவிட்டு முன்பின் தெரியாதவரைத் தேடச் சொல்வது குடும்பத்துக்கு விளங்குவதில்லை. சிலர் மனம் நொந்துபோகிறார்கள்.

காரணம் இதுதான். நாளைக்கு அதே அக்காவுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று வந்தால், முதலில் தேடுவது கூடப் பிறந்தவர்களைத்தான். திசுப் பொருத்தம் முழுதாக அமைய ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. தம்பியின் ரத்தத்தை இப்போதே ஏற்றிவிட்டால், அக்காவின் எதிர்ப்பு மண்டலம் அவனுடைய அணுக்களின் அடையாளத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு அவனுடைய மஜ்ஜை வந்து இறங்கும்போது அதை எதிரியாகப் பார்த்துத் தள்ளிவிடலாம். தம்பியின் முறை பிறகு வரும். அதுவரை உயிரைப் பிடித்துவைத்திருக்க வேண்டியவர்கள் அந்நியர்கள்.

இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிக முக்கியமானது என்று இதைத்தான் சொல்வேன். ஆபத்து என்றால் ரத்தபந்தம்தான் ஓடிவரும், ஓடிவர வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே சொந்தம் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது, ஊர் முன்னால் வர வேண்டியிருக்கிறது. ஊர் முன்வரவில்லை என்றால் சொந்தத்தின் மஜ்ஜைக்கு வேலையே இருக்காது.

வேலூரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1986-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு அடுத்து இந்தியாவில் இதைத் தொடங்கிய முன்னோடி இடங்களில் அது ஒன்று. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருபவர்கள் பக்கத்துத் தெரு லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. கூட வந்திருப்பது அம்மாவோ அண்ணனோ மட்டும்தான். அவர்களுக்கு இந்த ஊரில் டோனர் யார்? கல்லூரிப் பிள்ளைகளும், ஆட்டோ ஓட்டுபவர்களும், வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமையில் நேரம் ஒதுக்குபவர்களும்தான். காசு கொடுத்து ரத்தம் வாங்கும் வழி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் மூடப்பட்டுவிட்டது. அது நல்லதற்குத்தான். ஆனால் அந்த வெற்றிடத்தை மனமுவந்து கொடுப்பவர்கள்தான் நிரப்பியாக வேண்டும்.

ஆடிக்கொண்டிருக்கும் தட்டு

பை நிரம்பிய பிறகு, எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலை, சிபிலிஸ், மலேரியா ஆகிய பரிசோதனைகள் முடியும் வரை அது காத்திருக்கிறது. ஐந்து நாளில் ஒரு நாள் இதிலேயே போய்விடலாம். காத்திருக்கும் இடம் குளிர்பெட்டி அல்ல. 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில் வைத்த ஒரு பெட்டிக்குள், துளையிட்ட தட்டுகள் இரவும் பகலும் பக்கவாட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும், அதன் மேல் பைகள் படுத்திருக்கும். தூளியை ஆட்டும் வேகம்தான். ஆட்டம் நின்றால் பிளேட்லெட்டுகளுக்குக் காற்று போய்வருவது குறையும், அமிலம் சேரும், அவை சாகத் தொடங்கும்.

குளிரில் வைத்தால் நீண்ட நாள் இருக்குமே என்றுதான் முன்பு எல்லோரும் நினைத்தார்கள். 1969-இல் ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் என்ற இருவர் ஃபிலடெல்ஃபியாவில் அளந்து பார்த்தார்கள். குளிரில் வைத்த பிளேட்லெட்டுகள் நோயாளியின் உடலுக்குள் போனதும் வெகு சீக்கிரம் காணாமல் போயின. அறை வெப்பத்தில் வைத்தவை நாட்கணக்கில் சுற்றின. அறை வெப்பம் என்பது வேலூரின் மே மாதத்து அறை அல்ல என்பதால், இந்தப் பெட்டிக்கு மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. அதே வெப்பம் கிருமிக்கும் பிடிக்கும். ஆயுள் ஐந்து நாள் என்று வைத்ததற்கு அந்தக் கிருமி பயம்தான் முதல் காரணம்.

அனுப்புவதற்கு முன் டெக்னீஷியன் பையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாகச் சாய்க்கிறார். திரவத்துக்குள் ஒரு மினுமினுப்பு சுழன்று ஓடுகிறது. நல்ல நிலையில் உள்ள பிளேட்லெட் தட்டையாக இருக்கும், ஓட்டத்தில் திரும்பும்போது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கெட்டுப்போனால் உருண்டுவிடும், மினுமினுப்பு வராது. இத்தனை மெஷின்கள் வந்த பிறகும் இந்தப் பரிசோதனைக்கு ஒரு ட்யூப்லைட்டும் பழகிய கண்ணும் போதும்.

இன்னொரு நிறுத்தம் பாக்கி. கதிர்வீச்சுப் பெட்டிக்குள் பையை வைத்து 25 கிரே அளவு கதிர் பாய்ச்சுகிறார்கள். பிளேட்லெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு தப்பி வந்திருக்கும் டோனரின் டி-லிம்போசைட்டுகள் மட்டும் பெருகும் சக்தியை இழக்கும். இதைச் செய்யாவிட்டால் அவை நோயாளியின் உடலில் குடியேறி, மிச்சமிருக்கும் மஜ்ஜையையும் தாக்கலாம். நோயாளியின் சொந்த அணுக்கள் செய்த அதே அழிவை அந்நிய அணுக்களும் செய்யக்கூடும். அது வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை, ஆகவே இதில் சமரசமே கிடையாது.

வார்டில்

"கவுன்ட் எவ்வளவு சிஸ்டர்?" என்பதுதான் இந்த வார்டின் காலை வணக்கம். பத்தாயிரத்துக்குக் கீழே போனால் பை ஏற்ற வேண்டும். காய்ச்சல் இருந்தால் அதுவரை காத்திருக்காமல் இருபதாயிரத்திலேயே ஏற்றிவிடுவார்கள். இரண்டு நர்ஸுகள் பையின் எண்ணையும் கைப்பட்டையில் இருக்கும் பெயரையும் ஒருவர் சொல்ல ஒருவர் சரிபார்க்கிறார்கள். ஃபில்டர் வைத்த குழாய் வழியாக அரை மணி நேரத்தில் பை காலியாகிவிடும். அரிப்பு, குளிர் நடுக்கம் வருகிறதா என்று அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு எஸ்டிபி பை முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை கவுன்ட்டை ஏற்றலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கிவிடும். மீதி ரத்தக் குழாய்களின் சுவரோரம் ரோந்து போகும். ஒவ்வொரு நாளும் அந்தச் சுவர்களில் விழும் நுண்ணிய இடைவெளிகளை அடைக்கவே, மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ ஏழாயிரம் பிளேட்லெட்டுகள் செலவாகின்றன. ஒன்றரை லட்சம் இருப்பவருக்கு இது தெரியாத செலவு. பதினைந்தாயிரம் இருப்பவருக்கு இரண்டு நாளில் கஜானா காலி. முப்பதாயிரம் கோடி என்று புறப்பட்ட பை, சில நாட்களில் மறுபடியும் ஒற்றை இலக்க ஆயிரத்தில் வந்து நிற்பதன் கணக்கு இதுதான். காய்ச்சல் இருந்தால் அதைவிடச் சீக்கிரம்.

எதற்காக இந்த அவகாசம்

ஒரு பை நோயைக் குணப்படுத்துவதில்லை. அது நாட்களைத் தருகிறது, அந்த நாட்களில் சிகிச்சை வேலை செய்ய வேண்டும்.

பொருத்தமான உடன்பிறப்பு இருந்து, வயதும் நாற்பதுக்குள் இருந்தால் மஜ்ஜை மாற்றுதான் முதல் தேர்வு. இல்லாதவர்களுக்கு ஏடிஜி. மனிதத் தைமஸ் சுரப்பியின் அணுக்களைக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்த மருந்து இது. 1970-இல் பாரிஸில் ஜார்ஜ் மாத்தே, மாற்று மஜ்ஜையை உடல் ஏற்றுக்கொள்வதற்காக இதைப் போன்ற மருந்தைக் கொடுத்தபோது, வந்த மஜ்ஜை நிலைக்காமலே நோயாளியின் சொந்த மஜ்ஜை எழுந்து வந்ததைக் கவனித்தார். 1977-இல் பாசெல் நகரில் புருனோ ஸ்பெக்கின் குழு இதைச் சிகிச்சையாகவே நிலைநிறுத்தியது. முயலிலிருந்து எடுப்பது இன்னும் வலுவானது என்று நம்பப்பட்டது. 2011-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, ஆறு மாதத்தில் குதிரை மருந்துக்கு 68 சதவீதம் பேரும், முயல் மருந்துக்கு 37 சதவீதம் பேரும்தான் தேறினார்கள்.

குதிரை ஏடிஜியை நான்கு நாள், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். குளிர் ஜுரம் உடலைத் தூக்கிப்போடும். அந்த நாட்களில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பிளேட்லெட்டும் வேகமாகக் கரையும், எனவே தினமும்கூடப் பை வேண்டியிருக்கும். அதன் பிறகு சைக்ளோஸ்போரின் மாத்திரை, அதோடு இப்போது எல்ட்ரோம்போபேக். பலன் தெரிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தையும் தாங்குவது பைகள். மருந்து நன்றாக இருந்தும், டோனர் வரிசை அறுந்துபோனால் மருந்துக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்காது.

ஒவ்வொரு பையும் ஒரு தழும்பு

பைகளை அள்ளிக் கொடுத்தால் பத்திரம் என்றும் நினைக்கக் கூடாது. சியாட்டிலில், பின்னாளில் 1990-இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தாமஸின் குழு, ரத்தமே ஏற்றாமல் மாற்று சிகிச்சைக்கு வந்தவர்கள் பல பைகள் ஏற்றி வந்தவர்களைவிட நன்றாகத் தேறுவதைக் கண்டது. ஒவ்வொரு அந்நியப் பையும் நோயாளியின் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது. பாடம் முற்றினால், ஏற்றிய பிளேட்லெட்டை அது ஒரு மணி நேரத்தில் அழித்துவிடும். பையும் காலி, கவுன்ட்டும் ஏறாது. அப்போது திசு வகை பொருந்தும் டோனரைத் தேடி அலைய வேண்டும்.

அதனால்தான் ஆறு பேருக்குப் பதில் ஒருவர், வெள்ளையணுவை வடிகட்டிய பை, எண்ணைப் பார்த்து மட்டுமல்லாமல் நோயாளியைப் பார்த்தும் எடுக்கும் முடிவு. கவுன்ட் பன்னிரண்டாயிரம், கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் நல்ல மருத்துவர் காத்திருப்பார். வீட்டாருக்கு அது அலட்சியம் போலத் தோன்றும். அது கவனம்.

பைகளுக்கு நடுவே

நோயாளியின் வாழ்க்கை இரண்டு பைகளுக்கு நடுவே நடக்கிறது. மென்மையான பிரஷ், பிளேடுக்குப் பதில் ட்ரிம்மர், இடுப்பில் ஊசி கூடாது, தலைவலிக்கு ஆஸ்பிரினோ டைக்ளோஃபெனக்கோ கூடாது. ஆறவைத்த கொதிநீர், சுடச்சுட சமைத்த சாப்பாடு, தெருக்கடைச் சட்னிக்குத் தடை. பார்க்க வருபவர்கள் மல்லிகைப்பூ கொண்டுவரக் கூடாது, பூவிலும் அதன் ஈரத்திலும் பூஞ்சை இருக்கும். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு ஐந்நூறுக்குக் கீழே இருப்பவருக்குக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும்.

சைக்ளோஸ்போரின் ஈறை வீங்கவைக்கும், முகத்தில் முடி வளர்க்கும், கையை நடுங்கவைக்கும். இருபது வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் மாத்திரையை ஒளித்துவைத்த பிள்ளைகளை மருத்துவர்கள் அறிவார்கள். அவர்களை அதட்டாமல் உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எண்ணிக்கை சரிந்துவிடும். செலவும் பெரிது. தனியார் மருத்துவமனையில் ஒரு எஸ்டிபி பைக்கே பத்தாயிரம் ரூபாய் வாக்கில் ஆகிறது. டோனர் இலவசமாகக் கொடுத்தாலும், ஒருமுறை மட்டுமே பயன்படும் கிட்டுக்கும் பரிசோதனைகளுக்கும் ஆகும் காசு அது.

நல்லபடியாகப் போனால், ஒரு வாரம் பை ஏற்றாமலே கவுன்ட் இருபதாயிரத்துக்கு மேல் நிற்கும். பிறகு முப்பது, ஐம்பது. கடைசியாக ஏற்றியதுதான் கடைசிப் பை என்று அதை ஏற்றிய அன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகும் கவனம் குறையக் கூடாது. ஏடிஜியில் தேறியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பலாம், சிலருக்கு மஜ்ஜையில் வேறு கோளாறுகள் முளைக்கலாம். ஆண்டுக்கணக்கில் ரத்தப் பரிசோதனை தொடரும்.

ஆகவே கேட்பது இதுதான். அவசரம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த பிறகு ஓடுவதைவிட, உங்கள் ஊர் ரத்த வங்கியில் போய் பிளேட்லெட் டோனராகப் பெயர் கொடுத்து, மாதம் ஒரு முறையாவது அந்த நாற்காலியில் உட்காருங்கள். அவசரத்துக்கு ஒருமுறை வருபவர்கள் நூறு பேரைவிட, நாள் குறித்து வரும் பத்து பேரை வைத்துத்தான் ஒரு ரத்த வங்கி அந்த ஆடும் தட்டைக் காலியாக விடாமல் வைத்திருக்க முடியும். நோயாளியின் தம்பி தன் முறைக்காகக் காத்திருக்கிறான். அதுவரைக்கும் வர வேண்டியவர்கள் நாம்தான்.